சாக்கு அடைத்த பள்ளிக்கூடச் சன்னல்

1

என் பால்ய சிநேகிதன் சோமு போன ஆடியில் கதிர்காமம் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கள் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினான். லால்குடியில் ஒரே வாத்தியாரிடம் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். கடல் தாண்டி வந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தை அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. பிள்ளைகளை எண்ணெய் வைத்துத் தலைசீவி வரச் சொல்லியிருந்தேன். வரவேற்புப் பாட்டுக்கூடத் தயார். சோமு உள்ளே வந்தான். பிள்ளைகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே சன்னலுக்கு எதிரில் போய் நின்றுகொண்டான்.

"என்னடா இது, சன்னலா, ஒட்டுப்போட்ட துணியா?" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சன்னலில் இருக்கிற கண்ணாடித் துண்டுகளில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்தது கிடையாது. ஒன்றின் ஓரத்தில் தங்கக் கோடு, இன்னொன்றின் மூலையில் பாதித் தாமரை. ஒன்று சுத்த நீலம். பாட்டு முடியும் வரைக்கும் அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கதையைக் கேட்டான், சொன்னேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சிரித்தான், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது, "நீ இங்கே என்னதான் பண்றேன்னு ஊர்ல எல்லாரும் கேக்கறா. இந்தச் சன்னலைப் பத்தி எழுதி அனுப்பு, புரிஞ்சுடும்" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

கண்டிச் சீமைக்குப் போனவனைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டே அபிப்பிராயம் உண்டு. ஒன்று, அவன் தங்கமாக அள்ளிக்கொண்டிருக்கிறான். இரண்டு, அவனை அட்டை உறிஞ்சித் தீர்த்துவிட்டது. நான் அந்த இரண்டு கணக்கிலும் சேராதவன். ஹாலிஎலவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாத்தியாராக இருக்கிறேன். பின்கட்டில் போஞ்சி அவரை காய்க்கிறது, மனைவிக்கு இந்தக் குளிர் பிடித்துப்போய்விட்டது, பையனுக்குப் பத்து வயதாகிறது. சௌக்கியமாக இருக்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

2

வெளிச்சத்தின் அருமை நம் ஊர்க்காரனுக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. லால்குடியில் வெயில் வேண்டாம் என்று கதவைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கு வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் படித்தது ஒரு பூவரச மரத்தடியில். காலையில் மரத்துக்கு மேற்கே உட்காருவோம். வெயில் ஏற ஏற நிழல் நகரும், நாங்களும் பலகை, மணல், வாத்தியார் சகிதம் நகருவோம். மத்தியானம் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவோம், சாயங்காலம் கிழக்கே வந்திருப்போம். வகுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அந்தத் தெருப் பெண்கள் உலை வைப்பார்கள்.

படிப்பு என்பது வெயிலிலிருந்து தப்பி ஓடிக்கொண்டே செய்கிற ஒரு காரியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நல்ல பள்ளிக்கூடம் என்றால் நிழலான பள்ளிக்கூடம். பெரியவனாகி, பரீட்சை தேறி, நானே வாத்தியாரான பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. அதை மாற்றுவதற்கு மண்டபம் வரைக்கும் ரயிலில் வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலேறி, இந்த மலைமேல் வந்து சேர வேண்டியிருந்தது.

3

தோட்டத்தில் எனக்குக் கொடுத்த பள்ளிக்கூடம் ஒரு லயத்தின் கடைசிக் காம்பரா. லயம் என்றால் வரிசையாகச் சேர்த்துக் கட்டின குடியிருப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அந்த அறையைத்தான் இங்கே காம்பரா என்பார்கள். எங்களுடையதில் முன்பு ஒரு குடும்பம் குடியிருந்து சமைத்திருக்கிறது. சுவரெல்லாம் புகைக் கறுப்பு. மேலே தகரம், முன்னால் தாழ்ந்த தாழ்வாரம், ஒரே ஒரு கதவு. பின்சுவரில் கிழக்கே பார்த்து ஒரு சன்னல். சன்னல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மரச்சட்டம் அடித்த ஓட்டை, அவ்வளவுதான். அந்த ஓட்டையில் ஒரு சாக்கு திணித்திருந்தது.

வந்த முதல் நாள் சாக்கைப் பிடுங்கினேன். மறுநாள் காலையில் அது பழைய இடத்தில் இருந்தது. மறுபடி பிடுங்கினேன். மூன்றாம் நாள் பாடத்தின் நடுவிலேயே அறை இருண்டது. வெளியிலிருந்து யாரோ சாக்கைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "குளுருங்கய்யா" என்றார்கள், அவ்வளவுதான்.

இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் நம் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்தவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்கு இந்த மலையில் வேலை பழகிவிட்டது, அட்டை பழகிவிட்டது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கோபம்கூடப் பழகிவிட்டது. குளிர் மட்டும் பழகவில்லை. காற்று வருகிற வழி எதைக் கண்டாலும் அடைத்துவிடுவார்கள். லயத்தில் சன்னல் உள்ள காம்பரா எத்தனை உண்டோ அத்தனை சாக்கும் உண்டு. பிள்ளை மேல் எவ்வளவு பாசமோ அவ்வளவு கெட்டியாக அடைப்பார்கள். பள்ளிக்கூடமும் அவர்கள் பிள்ளைகள் இருக்கும் இடம்தானே, அதற்கு மட்டும் என்ன விதிவிலக்கு.

4

இருட்டில் பாடம் நடப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் படிப்பார்கள். நடுவில் உள்ளவர்கள் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாதி படிப்பார்கள். பின்சுவரோரம் இருக்கிறவர்கள் படிப்பதே இல்லை, கேட்கிறார்கள். முன்னால் இருப்பவன் சொல்லுகிற வரியைப் பிடித்துக்கொண்டு அதே ராகத்தில் சொல்லுவார்கள். காதுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ராகமும் தளர்ந்து ஒவ்வொரு தலையாகச் சாயும். சோம்பல் என்று நினைத்தேன். காலையில் பழைய சோறு தின்றதன் மயக்கம் என்றும் நினைத்தேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் எல்லாரையும் வெளியே முற்றத்துக்கு அழைத்துப்போய்ப் படிக்கச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பேச்சி என்ற எட்டு வயதுப் பெண் எழுந்து, கணீரென்று ஒரு பாடம் முழுவதையும் படித்தாள். பிசகே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் படித்தது ஒரு பாடம், விரித்திருந்தது வேறு பாடம். எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

இனி வெளியிலேயே பள்ளிக்கூடம் நடத்தலாமே என்பீர்கள். நானும் நடத்திப் பார்த்தேன். பாதி வருடம் மழை, மீதியில் பாதி பனிமூட்டம். வெயில் அடித்தால் புத்தகத்து வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும். கொழுந்துக் கூடை போகிறது, கங்காணி கத்துகிறான், நாய் நாயைத் துரத்துகிறது. பிள்ளைகளுக்குப் பார்க்க அத்தனை இருக்கும்போது என் முகத்தை எதற்குப் பார்க்கப்போகிறார்கள். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு வைத்தும் பார்த்தேன். எல்லாரும் அடக்கமாக விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புகையில் எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

பேச்சியின் தாய் வெள்ளையம்மாள் கொழுந்து பறிக்கிறவள். லயத்துக்கு மேலே இருக்கும் மலையில் அவளுக்கு வேலை. காலைக் கொழுந்து நிறுக்க இறங்கும்போது பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாகத்தான் வருவாள். சாக்கைத் திணிக்கிற கை அவளுடையது என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். கோபமாகத்தான் வெளியே போனேன். அவள் பயப்படவில்லை. அதற்கு முந்திய மார்கழியில் கைப்பிள்ளை ஒன்று நெஞ்சில் சளி கட்டி இரண்டே நாளில் போய்விட்டது என்றாள். அழாமல் சொன்னாள். இன்னொரு விஷயமும் சொன்னாள். மூத்தவள் காமாட்சியை எனக்கு முன்பிருந்த வாத்தியாரிடம் இரண்டு வருடம் அனுப்பினாளாம். அவளுக்கு எழுத்து ஏறவே ஏறாது என்று அவர் சொல்லிவிட்டார், புல்லு வெட்டப் போட்டுவிட்டாள். பேச்சியும் அக்காள் மாதிரிதான் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

"தையில பரிச்சக்காரரு வருவாருல்ல, அதுவரைக்கும் பாக்குறேங்கய்யா. அவரு கேட்டு இது சொல்லலேன்னா, இதையும் பேரு பதிஞ்சு வேலைக்கு அனுப்பிருவேன். மண்டையில ஏறாத புள்ளய ஒக்கார வச்சு என்ன செய்ய" என்றாள்.

பேச்சி மந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு பாடத்தைக் காதாலேயே பிசகில்லாமல் பிடித்தவள் எப்படி மந்தமாவாள்? அவளுக்கு வேண்டியது ஒரு முழம் வெளிச்சம்.

5

ஆகவே கண்ணாடிக்கு விண்ணப்பம் செய்தேன். வெளிச்சம் வரும், காற்று வராது, தாய்க்கும் வாத்தியாருக்கும் சண்டை இல்லை. இதைவிடச் சுலபமான காரியம் உண்டா?

தோட்டத்தில் துரையிடம் நேரே ஒன்றும் கேட்க முடியாது. கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பெரிய கிளாக்கரிடம் சொன்னார். பெரிய கிளாக்கர் நல்ல நேரம் பார்த்துத் துரையிடம் சொன்னார். பதில் அதே படிகளில் இறங்கி வந்து சேர ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. "பள்ளிக்கூடம் கேட்டான், கொடுத்தேன். கண்ணாடி கேட்கிறான். நாளைக்குத் திரைச்சீலை கேட்பான்." இதுதான் பதில்.

எங்கள் தொழிற்சாலையில் தேயிலைத் தூளின் நிறம் பார்க்க ஒரு அறை உண்டு. வடக்கே பார்த்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தூள் கறுப்பா, சிவப்பா, பழுப்பா என்று மங்கலில் பார்த்தால் தப்பாகிவிடுமாம். தூளுக்கு இத்தனை வெளிச்சம் தேவைப்படும்போது எழுத்துக்குத் தேவைப்படாதா என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். அவர் என்னை இரக்கமாகப் பார்த்து, "வாத்தியாரே, தூள் லண்டனுக்குப் போகிறது" என்றார்.

துரை கெட்டவர் இல்லை. அவருடைய தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் அதைக் கற்றது மலையில், கங்காணி ஆட்களை விரட்டுவதைக் கேட்டு. ஆகையால் அவர் தமிழில் 'நீ' மட்டுமே உண்டு. முதல் தடவை, "நீ வாத்தியாரா? நீ இங்கே வா" என்றபோது எனக்கு முகம் சிவந்துபோயிற்று. பிறகு ஒருநாள் ஊரிலிருந்து வந்த குருக்களையும் அதே குரலில் "நீ எப்போ வந்தது?" என்று அன்பாக விசாரித்ததைக் கேட்டேன். அதோடு என் கோபம் போய்விட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதுளை நாள். காலை ரயிலைப் பிடித்துப் போய், கடைவீதியில் சாமான் வாங்கி, காதர் நானாவின் கடையில் உட்கார்ந்து, ஊர் வம்பு பேசி, மாலை ரயிலில் திரும்புவேன். வாரம் முழுவதும் கத்திய தொண்டைக்கு அதுதான் மருந்து. காதர் நானா விற்காத சாமான் கிடையாது. சீப்பு, விளக்குச் சிமினி, முகம் பார்க்கும் கண்ணாடி, சட்டம் போட்ட படங்கள் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார்.

அன்றைக்கு என் மூஞ்சியைப் பார்த்தே அவர் விசாரித்தார். சன்னல் கதையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்துவந்தார். கொழும்பிலிருந்து வருகிற வழியில் ரயில் குலுக்கலில் உடைந்த படக் கண்ணாடிகள். பாதி உடைந்ததும், மூலை போனதும், கீறல் விழுந்ததுமாகப் பெட்டி நிறைய.

"விக்கவும் முடியாது, வீசவும் மனசு வராது. அள்ளிக்கிட்டுப் போங்க வாத்தியார். நம்ம கடைச் சாமான் பள்ளிக்கூடத்துல இருந்தா நமக்கும் நன்மைதானே" என்றார். ஊதா நிறத்தில் ஏதாவது உண்டா என்று கூட வந்திருந்த என் பையன் கேட்டான். நீலம்தான் இருந்தது, அதையும் எடுத்து மேலே வைத்தார்.

பையனைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ரயில் பதுளை வரைக்கும் வந்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழைகிறது. அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கே மட்டம் போடுவான், வாத்தியார் அப்பனாக இருந்தும். அவன் பேச்சில் சிங்களமும் தமிழும் ஒரே சட்டியில் வெந்திருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, "நம்ம ஊர்ல இந்தச் சன்னல் உபத்திரவமே இல்லடா" என்றேன். "ஏம்ப்பா, ஹாலிஎலயிலயும் குளுருதானே?" என்றான். அவனுக்கு ஊர் என்றால் ஹாலிஎல. முன்பெல்லாம் இப்படி ஏதாவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அவன் தொலைந்துபோய்விடவில்லை, வேறொரு இடத்தில் முளைத்திருக்கிறான் என்று மனைவி சொல்கிறாள். அது சரி என்றே எனக்கும் படுகிறது.

7

ஹாலிஎலவிலிருந்து ஒரு சிங்களத் தச்சர் வந்து, குறுக்கும் நெடுக்கும் சட்டம் அடித்து, துண்டுகளைப் பொருத்தினார். எதையும் அறுக்கவில்லை. கண்ணாடிக்கு ஏற்றபடி சட்டத்தைத்தான் வளைத்தார். நானும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து சுவருக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தோம். சன்னலைவிட அந்தச் சுண்ணாம்பு செய்த வேலை பெரிது என்று சில சமயம் தோன்றும். கறுப்புச் சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும், வெள்ளைச் சுவர் அடுத்தவனுக்குக் கொடுக்கும்.

மறுநாள் பார்த்து வானம் வெளுத்து, வெயில் நேரே உள்ளே விழுந்தது. எனக்கு ஆனந்தம். சிலேட்டுகளுக்கும் ஆனந்தம்தான். ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னிற்று, எழுதின எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் ஈரச் சிலேட்டைத் திருப்பித் திருப்பி, தகரத்தில் வெளிச்சத்தை ஓடவிட்டு விளையாடினார்கள். நீலக் கண்ணாடிக்குக் கீழே உட்கார நான்கு பேர் அடித்துக்கொண்டார்கள். அன்று பாடமே நடக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பழைய மல்வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து, வெயில் நேரத்துக்கு மட்டும் சன்னலில் தொங்கவிட்டேன். துரை சொன்ன திரைச்சீலை வந்துவிட்டது. அது பழைய வேட்டி இல்லை, தீபாவளிக்கு எடுத்தது என்று மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.

பிறகு உட்காரும் விதத்தையும் மாற்றினேன். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தன் நிழல் தன் சிலேட்டிலேயே விழும். சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறமாதிரி எல்லாரையும் பக்கவாட்டில் திருப்பினேன். எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இடக்கையால் எழுதுகிற ஒருவனை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவன் எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, தன்னைச் சட்டாம்பிள்ளை என்று நினைத்துக்கொண்டான்.

பின்சுவர் இப்போது சன்னல் சுவர். அதனால் பேச்சி, இருந்த இடத்திலேயே, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். முதல் நாள் அவள் ஒரு எழுத்தும் படிக்கவில்லை. புத்தகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, இரகசியம் சொல்வதுபோல், "ஐயா, இதுல ஒரு கிளி இருக்கு" என்றாள். பாடத்தின் மூலையில் சின்னதாக ஒரு கிளிப்படம். ஒரு வருடமாக அந்தப் புத்தகம் அவள் கையில் இருக்கிறது. சோமு சிரிக்காத இடம் இதுதான்.

8

இத்தனைக்குப் பிறகு ஒரு மார்கழிக் காலையில் பாடத்தின் நடுவே அறை மறுபடியும் இருண்டது. வெளியே ஓடினேன். வெள்ளையம்மாள் கண்ணாடியின் மேலேயே சாக்கை விரித்து, இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி போட்டாச்சே அம்மா, இனிமேல் காற்று வராதே" என்றேன்.

"தொட்டுப் பாருங்கய்யா, ஜில்லுன்னு இருக்கு. சாக்கு இப்பிடி ஜில்லுன்னா இருக்கும்? குளுரு இது வழியாத்தானே உள்ள போகுது" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அவள் கண்ணில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. கைப்பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வாதம் செய்து ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது. உள்ளே வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை, கூடையை வாசலில் இறக்கிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கை ஏற்றி அவள் கையில் கொடுத்தேன். காற்று எங்கே வருகிறதோ அங்கே சுடர் ஆடும், நீயே பார்த்துக்கொள் என்றேன்.

வெளியே நல்ல காற்று. அவள் விளக்கைச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். சுடர் அசையவில்லை. ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் பிடித்தாள், நீலத்துக்கு முன்னாலும்கூட. அசையவில்லை. திருப்தியில்லாமல் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கினாள். தகரமும் சுவரும் சேருகிற இடத்தில் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது, பிறகு அணைந்தே போயிற்று. இத்தனை வருடமாக எல்லாரும் சன்னலை அடைத்துக்கொண்டிருந்தார்கள், காற்று தலைக்கு மேலே கூரை இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாள் வெளியே போய், ஆணியைப் பிடுங்கி, சாக்கைக் கிழித்துக் கொண்டுவந்து, ஒரு மேசை மேல் ஏறி அந்த இடுக்கு முழுவதையும் அடைத்தாள். பெரிய பிள்ளைகள் ஓடிப்போய் இன்னும் இரண்டு சாக்கு கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் குளிரும் இல்லை, இருட்டும் இல்லை. கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்று கங்காணி கத்துகிற சத்தம் கேட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இரண்டு நாள் கழித்துத் துரை குதிரையில் அந்த வழியாக வந்தார். சன்னலை வெகுநேரம் பார்த்தார். "நீ இது எங்கே எடுத்தது?" என்று கேட்டார். பதுளைக் கடையில் உடைந்தது என்றேன். "நல்ல மோசம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது பாராட்டு என்று பெரிய கிளாக்கர் பிறகு விளக்கினார்.

9

தையில் பள்ளிக்கூடப் பரிசோதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். அன்று பார்த்து மலையெல்லாம் பனிமூட்டம். மூன்று கஜத்துக்கு அப்பால் இருக்கிற மனிதன் தெரியவில்லை. ஆனால் மூட்டத்திலும் ஒரு வெளிச்சம் உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன். வெயிலைப்போல் அது குத்தாது, பால்போலப் பரவியிருக்கும். சன்னல் வழியாக அது உள்ளே வந்து, வெள்ளைச் சுவரில் பட்டு, பிள்ளைகளின் புத்தகத்தில் இறங்கியிருந்தது.

வெள்ளையம்மாள் அன்று அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றாள். பக்கத்தில் மூத்தவள் காமாட்சி, புல்லு வெட்டுகிற சுரண்டியோடு. பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியின் முறை வந்தது. அவள் வாய் திறக்குமுன் பரிசோதகர் புத்தகத்தைக் கையில் வாங்கி, நாங்கள் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தை எடுத்து, "இதை வாசி பிள்ளை" என்றார். அந்தப் பக்கத்தை அவள் யாரிடமும் காதால் கேட்டிருக்க முடியாது. பேச்சி புத்தகத்தைச் சன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். முதல் வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். இரண்டாவதிலும் தடுக்கிற்று. ராகம் இல்லை, கணீர் இல்லை, முன்பு முற்றத்தில் படித்ததற்கு இது பாதி அழகுகூட இல்லை. ஆனால் விரல் எந்த எழுத்தின் மேல் இருந்ததோ அந்த எழுத்தையே வாயும் சொல்லிற்று. ஐந்து வரி படித்தாள். பரிசோதகர் போதும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவருக்கு அது ஒரு சாதாரணப் பிள்ளை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவர் போனபிறகு பிள்ளைகளை விட்டுவிட்டேன். பேச்சி கூட்டத்தோடு ஓடிவிட்டாள். வெள்ளையம்மாள் தாழ்வாரத்தை விட்டுப் போகவில்லை. இனிப் பேச்சி தொடர்ந்து வரட்டும், பேர் பதிய வேண்டாம் என்றேன். அது முடிந்துபோன விஷயம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது. காமாட்சி சற்றுத் தள்ளி, கேட்காத தூரத்தில், சுரண்டியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள்.

"பெரியவளும் இதே காம்பராவுலதானுங்க படிச்சிச்சு" என்றாள் வெள்ளையம்மாள். "இதே செவத்தோரமாத்தான் ஒக்காந்துச்சு. ரெண்டு வருசம்."

நான் அந்தச் சுவரோரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப அதுக்கும் மண்டையில ஒண்ணும் கொறையில்ல, இல்லீங்களா?"

"இல்லை அம்மா, ஒரு குறையும் இல்லை" என்றேன்.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். பேர் பதிந்த ஆளுக்கு வாரத்தில் ஆறு நாளும் மலையில் வேலை. விடிவதற்கு முன்னால் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், போய் நிற்க வேண்டும், இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். இதெல்லாம் என்னைவிட அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஞாயித்துக்கெழமையும் இதுல வெளிச்சம் வரும்லங்கய்யா?"

"வரும்" என்றேன்.